சுமை இறங்கிய பாறை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை இருந்தது. இருந்தது என்ன, இப்போதும் இருக்கிறது. பர்கூரிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் ஊர், ஊரைத் தாண்டியதும் எங்கள் வீடு, வீட்டைத் தாண்டியதும் பாறை. எருமை படுத்திருப்பது போல இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அது என்றைக்கும் பாறையாகத்தான் தெரிந்தது.

ராகி அடிப்பது, புளி காயவைப்பது, துவரை பரப்புவது எல்லாம் அதன் மேல்தான். சாயங்காலம் தானியத்தை அள்ளி மூட்டை கட்டிவிட்டு நான் அங்கேயே மல்லாந்து படுத்துவிடுவேன். மாமியார், மாமனார் இல்லாத வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான்; கேட்பதற்கு ஆளில்லை. ஆனாலும் போகிற வருகிறவர்கள், "புதுப் பொண்ணு பாறை மேல மல்லாந்துகினு கீது" என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். முதுகுக்கு அடியிலிருந்து பகல் வெயிலின் சூடு மெல்ல மெல்ல ஏறும். செம்மறிகள் கிளப்பிய தூசி தாழ்ந்து இறங்கும். வானமும் பாறையும் ஒரே நிறத்துக்கு வரும். எது மேலே, எது கீழே என்று ஒரு நிமிஷம் தெரியாமல் போகும். அந்த நேரத்தில்தான் பாறை சத்தம் போடும். 'டிக்' என்று ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ உள்ளே, இன்னொன்று. வெயிலில் விரிந்த கல் குளிர்ந்து சுருங்குகிற சத்தம் அது. எனக்கு அது தாலாட்டு மாதிரி இருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், தங்கச் சுரங்கத்தில் வேலை. பர்கூரில் பஸ் ஏறி, மைசூர் ராஜ்யத்துக்குள் போய், ரயில் மாறிப் போக வேண்டும். எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தை நம்பிக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது என்பதால் பல பேர் அங்கே போனார்கள். ஐம்பதுகளின் நடுவில் நடந்ததைத்தான் சொல்கிறேன். கிருஷ்ணகிரி அணை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். அவர் பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவார். வந்தால் பாறையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தான் வேலை செய்யும் இடத்தைப் பற்றிச் சொல்வார். கூண்டில் ஏறினால் காது அடைக்குமாம். இறங்கிக்கொண்டே இருக்குமாம். கீழே போகப் போகக் குளிரும் என்று நான் நினைத்திருந்தேன். சுடுமாம், வேர்த்து ஊற்றுமாம்.

சுரங்கம் என்றதும் பயந்தவர்கள் பயப்பட வேண்டாம். மனுஷன் கடைசியில் போனது முதுமையில், வீட்டுக் கட்டிலில்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வேறு விஷயம்.

ஒரு ஐப்பசியில், பண்டிகை எதுவும் இல்லாத ஒரு நாளில், தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். ஆஸ்பத்திரியில் இருந்ததாகவும், தை பிறக்கிற வரை லீவு கொடுத்திருப்பதாகவும் சொன்னார். உடம்பில் ஒரு காயமும் இல்லை. நான் சந்தோஷப்பட்டேன். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். கேழ்வரகுக் களி கிண்டி, கொள்ளுக் குழம்பு வைத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டிலை எடுத்துக்கொண்டு போய் வெட்டவெளியில் போட்டார். "உள்ள படுங்க, பனி எறங்குது" என்றேன். "மேல ஒண்ணும் இல்லாம இருக்கணும்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் பாறையில் உட்கார்ந்திருந்தோம். நான் அந்தத் தாலாட்டுக்காகக் காத்திருந்தேன். 'டிக்' என்று வந்தது. அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே ஓடினார். என் கொலுசு அறுந்து போனது. வேப்பமரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தார். பாறை அதுபாட்டுக்குக் கிடந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

பக்கத்து ஊரிலிருந்து அதே சுரங்கத்துக்குப் போகிற ஒருவர் வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஏர்பிளாஸ்ட் என்றார். மேலே இருக்கிற பூமியின் கனம் தாங்காமல், சுரங்கத்துச் சுவர்க் கல் திடீரென்று வெடித்துப் பாயுமாம். மருந்து வைக்காமல், யாரும் தொடாமல், தானாக. என் வீட்டுக்காரரோடு எப்போதும் சேர்ந்து வேலை செய்த கூட்டாளி ஒருவர் உண்டு, சித்தூர்ப் பக்கத்துக்காரர். அப்படி வெடித்ததில் அந்தக் கூட்டாளி போய்விட்டார். இவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்கிறார்.

அன்றைக்கு நான் ஒரு முடிவு செய்தேன். இந்த மனுஷனைத் திரும்ப அங்கே அனுப்பக் கூடாது. முடிவு செய்வது சுலபம். அங்கே போகாவிட்டால் சோற்றுக்கு என்ன செய்வது? எங்களுக்கு இருந்தது மழையைப் பார்த்துக் கிடக்கிற நிலம். அதன் மூலையில் மாமனார் காலத்தில் தோண்ட ஆரம்பித்துப் பாறை வந்ததும் விட்டுவிட்ட கிணறு ஒன்று இருந்தது. பாறைக்கு அடியில் தண்ணீர் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். தண்ணீர் வந்துவிட்டால் வருஷத்துக்கு இரண்டு போகம். தை பிறப்பதற்குள் தண்ணீர் வர வேண்டும், அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும். என் மனசில் வேறு எதுவும் இல்லை. கேட்டதும், "தோண்டலாம்" என்றார். ஒரே ஒரு நிபந்தனை: வெடி வைக்கக் கூடாது. அதில் ஒற்றைக் காலில் நின்றார்.

வெடி இல்லாமல் கல் உடைக்கிறவர்கள் கிடைப்பது அப்போது குதிரைக் கொம்பு. எல்லோரும் அணை வேலைக்குப் போயிருந்தார்கள். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் இடையில் சும்மா இருந்த ஒரு குடும்பம் வந்தது. தெலுங்கு பேசுகிறவர்கள்: ஒரு மேஸ்திரி, அவருடைய மனைவி, அவருடைய தம்பி. மேஸ்திரி முதல் நாள் கிணற்றுக்குள் இறங்கிச் சம்மட்டியால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். காதைக் கல்லோடு வைத்துக் கேட்டார். பிறகு நேர்கோட்டில் வரிசையாக உளியால் குழி போட்டார்கள். ஒவ்வொரு குழியிலும் ஓர் இரும்பு ஆப்பு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஆப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவார்கள், திரும்பி வருவார்கள். பலமாக அடிக்க மாட்டார்கள். ஒரு கட்டத்தில் மேஸ்திரி சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு, மேலே ஏறி வந்து வெற்றிலை போடுவார். அப்போது பக்கத்தில் யாரும் உலக்கை போடக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. நாங்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். கல் தனக்குள்ளே என்ன செய்கிறதோ தெரியாது. வெற்றிலை முடிவதற்குள் கீழே ஒரு சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் கத்தியால் வெட்டினது போலக் கோடு விழுந்திருக்கும்.

மேலே வந்த கற்கள் அழகாக இருந்தன. வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாக வரி வரியாக ஓடும். சில இடங்களில் அந்த வரிகள் கொசுவம் வைத்த சேலை போல மடிந்து மடிந்து கிடக்கும். கல் எப்படி மடியும்? அவரைக் கேட்டேன். அந்த நாட்களில் கல்லைப் பற்றிக் கேட்டால்தான் அவர் வாய் திறப்பார்; அதனால் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ரொம்ப ஆழத்துல இருக்கும்போது மடிஞ்சுது" என்றார். "மேல மலை மலையா கனம். சூடு வேற. அங்க கல்லு நம்ம களி மாதிரி. அழுத்தினா நெளியும்."

ஒரு துண்டில் ராகி மணி அளவுக்குச் சிவப்புப் பொடிக்கற்கள் பதிந்திருந்தன. வெயிலில் திருப்பினால் இரத்தத் துளி போல உள்ளே ஒரு வெளிச்சம். அதுவும் முதலில் இருந்ததில்லையாம். ஆதியில் வெறும் களிமண்ணாக இருந்ததை, பூமி மேலே ஏறி உட்கார்ந்து அழுத்த அழுத்த, உள்ளே இருந்த சத்து எல்லாம் இடம் மாறி, நெருங்கி நெருங்கி, இந்தச் சிவப்பு மணியாக உட்கார்ந்துவிட்டதாம். சுரங்கத்தில் ஒரு துரை அவருக்குச் சொன்னது. பிற்காலத்தில் நூலகத்தில் கிடைத்த புத்தகங்களில் இதையே நானும் படித்தேன். எட்டாவது வரை படித்தவள் நான். புத்தகம் கிடைத்தால் விடமாட்டேன். பென்சில் கரியும் வைரமும் ஒரே சரக்குத்தான், அழுத்தம்தான் வேறு என்று எழுதியிருந்தது. மேலே இருந்த கனம் போய்விட்டாலும் அந்தச் சிவப்பு மணிகள் மறுபடி களிமண்ணாவதில்லை என்றும் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நாள், பால் வெள்ளைக் கல் இரண்டு துண்டு கொண்டுவந்தார். வெங்கச்சங்கல் என்போம். சுரங்கத்தில் தங்கம் ஒட்டிக்கொண்டிருப்பது இந்த வெள்ளைக் கல்லில்தானாம். தானியம் வைக்கிற உள் அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பகலிலேயே கும்மிருட்டாக இருக்கும் அறை அது. கதவைச் சாத்திவிட்டு இரண்டு கல்லையும் ஒன்றோடொன்று அழுத்தித் தேய்த்தார். கல்லுக்கு உள்ளே வெளிச்சம் வந்தது. தீப்பொறி இல்லை, வெளியே தெறிக்கவே இல்லை. மஞ்சள் கலந்த மங்கலான ஒளி, உள்ளேயே பிறந்து உள்ளேயே அணைந்தது. கருகின வாசனை ஒன்று வந்தது. நானும் வாங்கித் தேய்த்தேன். என் விரல்கள் ஒரு கணம் தெரிந்தன, மறைந்தன. ராகி வாசனையும் அந்தக் கருகல் வாசனையுமாக, அவர் மூச்சு என் தோளுக்குப் பக்கத்தில். கை வலிக்கிற வரைக்கும் தேய்த்தோம். அந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நான் சந்தோஷமாக இருந்தது அந்த அறைக்குள்தான்.

கார்த்திகை முடிகிற சமயம். கிணறு நன்றாக ஆழம் போயிருந்தது. அடியில் ஒரே தட்டையாக, சந்து இல்லாமல், அகலமாக ஒரு பாளம். மேஸ்திரி ஆப்புகளை வைத்துத் தட்டிவிட்டு வெற்றிலைக்கு மேலே வந்தார். கல் பேச ஆரம்பித்தது. வழக்கம்போல ஒரு சத்தத்தோடு நிற்கவில்லை. டிக், டிக் என்று விட்டு விட்டு வந்தது. ஆணி முனை அளவு சில்லு ஒன்று தானாக எகிறிக் கிணற்றுச் சுவரில் பட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

மேஸ்திரி வெற்றிலையை மென்றுகொண்டே, "ஏமி லேது" என்றார். ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

"யாரும் எறங்கக் கூடாது" என்றார் இவர். குரல் எனக்குத் தெரியாத குரலாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வரும். சுரங்கத்தில் கூரை இறங்காமல் இருக்க மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்களாம். இவர் எங்கள் நிலத்து ஓரத்துப் புங்கமரத்தை வெட்டி, கிணற்றுக்குக் குறுக்கே முட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். வானத்தைத் தவிர மேலே ஒன்றும் இல்லாத கிணற்றுக்கு. ஊரே வந்து பார்த்தது. "இன்னாப்பா, கெணத்துக்குக் கல்யாணமா? பந்தக்கால் நடற?" என்று கேட்டார்கள். அவர் காதில் விழவில்லை. சுரங்கத்துக்குள் போகிறவர்கள் ஆளுக்கொரு பித்தளை வில்லை எடுத்துக்கொண்டு போவார்கள், ஏறி வந்ததும் ஆணியில் மாட்டுவார்கள். மாட்டாத வில்லைக்குரிய ஆள் இன்னும் மண்ணுக்கு அடியில் என்று கணக்கு. அதையும் இங்கே கொண்டுவந்தார். இறங்குகிறவன் கிணற்று மேட்டில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். ஏறினதும் எடுக்க வேண்டும். முட்டு முழுக்க வைத்து முடிக்கிற வரைக்கும் ஒருவரும் இறங்கவே கூடாது. முட்டு வைக்க அவராலும் இறங்க முடியவில்லை. மேலிருந்தே கயிறு கட்டி இறக்கப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை.

நாள் போய்க்கொண்டே இருந்தது. மேஸ்திரி பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அம்மா, உளி தூங்குது. நாளான்னிக்கு நாங்க டேம் வேலைக்குப் போறோம். அங்க கூப்ட்டுகினே கீறாங்க."

"இன்னும் ஒரே ஒரு நாள் இருங்க அண்ணா" என்றேன்.

அவருடைய மனைவி என்னைப் பார்த்தாள். "மீ ஆயனக்கு பயமம்மா" என்றாள் மெதுவாக. உன் வீட்டுக்காரருக்குப் பயம் என்கிறாள். எனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரிந்துவிட்டது என்பதுதான் அப்போது சுருக்கென்று குத்தியது.

மறுநாள் காலையில் அவர் இன்னொரு மரம் வெட்டக் கரட்டுக் குன்றுப் பக்கம் போயிருந்தார். நான் களி கிண்டி மூடி வைத்தேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். மேட்டில் ஒரு கூழாங்கல்லை எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடுவில் வைத்தேன். இறங்கினேன். பாதி வரைக்கும் பழைய படிக்கட்டு, அப்புறம் மூங்கில் ஏணி. அடியில் போய் அந்தப் பாளத்தின் மேல், ஆப்பு வரிசைக்குப் பக்கத்திலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. தலைக்கு மேலே வட்டமாக வானம். ஒரு பருந்து இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் மறைந்தது. சுவரில் அந்த வரிகள், வெள்ளையும் கறுப்பும், என்னைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. மேலே கேட்ட சத்தங்கள் எல்லாம், ஆடு கத்துவது, யாரோ யாரையோ கூப்பிடுவது, எல்லாம் கனவில் கேட்பது போல இருந்தன. எவ்வளவு காலத்துக்கு முன்பு அழுத்தின கனமோ, அதன் அடையாளத்துக்கு நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். பயம் இருந்ததா என்றால், இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மேலே காலடிச் சத்தம். மரத்தைத் தொப்பென்று போடுகிற சத்தம். கூழாங்கல்லைப் பார்த்திருப்பார்.

"யாரு கீழ?"

"நான்தான்."

தலை மட்டும் வட்டத்தின் ஓரத்தில் தெரிந்தது.

"மேல வா புள்ள."

"நீங்க கீழ வாங்க."

"ஆப்பு வெச்ச கல்லுடீ அது."

"தெரியுது. அதுமேலதான் உக்காந்துகினு கீறன்."

தலை மறைந்தது. அவர் கிணற்றைச் சுற்றிச் சுற்றி நடப்பது கேட்டது. மண் உதிர்ந்தது. போய் யாரையாவது கூட்டிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கல் வைக்கிற சத்தம், என் கல்லுக்குப் பக்கத்தில்தான். ஏணி ஆடியது. முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு படியையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். இறங்கி, சுவரோடு ஒட்டி நின்றார். சட்டை நனைந்திருந்தது.

"போலாம் வா" என்றார்.

"அங்க இன்னா நடந்துதுன்னு சொல்லுங்க. அப்பறம் வரேன்."

அவர் உட்கார்ந்தார். ஓர் ஆப்பின் தலையை விரலால் தடவினார்.

"மொதல்ல நான்தான் கேட்டேன்" என்றார். "டிக்குன்னு. வெளிய போலாம்னு சொன்னேன். அவன் சுவத்துமேல கை வெச்சுப் பார்த்தான். ஏமி லேதுன்னான். சிரிச்சுகினே சொன்னான். நானும் செரின்னு விட்டேன். அவன் என்னைவிடப் பழைய ஆளு. அவன் சொன்னா செரியா இருக்கும்னு..."

அவர் அழுது நான் பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பார்த்தேன். ஆண்பிள்ளை அழுகிற சத்தம் கிணற்றுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நான் நகர்ந்து போய் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் கல் பிளந்தது. சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை. எங்களுக்கு அடியிலிருந்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடியது. உட்கார்ந்திருந்த இடம் ஒரு முறை தூக்கிப் போட்டது. அவர் என்னைக் கீழே தள்ளி, மேலே கவிழ்ந்துகொண்டார். என் முகம் கல்லில் அழுந்தியது. அவர் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது. ஒரு சில்லு எகிறி அவர் காலில் பட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. மேலே ஆடுகள் கத்துவது கேட்டது. அப்புறமும் ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தோமோ. அவர்தான் முதலில் எழுந்தார். பிளந்த கோட்டின் மேல் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனார். ஒரு பக்கம் விரல் கனத்துக்கு மேலே எழும்பியிருந்தது.

"மேல வந்திருக்குது பாரு" என்றார். "அங்க சுரங்கத்துல மேல இருக்கற கனம் அழுத்துது. போக எடம் இல்லாம நம்ம மேல பாயுது. இங்க மேல இருந்தத எல்லாம் நாமதான் அள்ளிட்டமே."

"தலைச்சுமை எறக்கினா கழுத்து தன்னால மேல எழும்புமே, அப்பிடியா?" என்று கேட்டேன். வயலுக்கும் வீட்டுக்கும் சுமந்த கழுத்து. எனக்குத் தெரிந்தது அதுதான்.

அவர் என்னைப் பார்த்தார். "அப்பிடித்தான்" என்றார். "அலுப்பு முறிக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஐப்பசிக்கு அப்புறம் முதல் சிரிப்பு. என் கன்னத்தில் கல் அழுந்தின தடத்தைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். எழும்பின கல் அங்கங்கே டிக் என்றது. ஒவ்வொரு தடவையும் அவர் தோள் குலுங்கியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு தடவை டிக் என்றபோது, "ஏமி லேது" என்று அவரே சொன்னார். யாருக்குச் சொன்னார் என்று தெரியாது.

மேஸ்திரியைக் கூப்பிட்டு முட்டுக்கு வெட்டின மரங்களை எல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னார். கடப்பாரை போட்டுப் பாளத்தைப் பெயர்க்கிற இடத்தில் அவரும் நின்றார். அடியில் கல் ஈரமாக இருந்தது. இரண்டாவது பாளத்தைத் தூக்கினபோது, சந்திலிருந்து தண்ணீர் ஊறி, சத்தமே இல்லாமல் பரவியது. மேஸ்திரியின் மனைவி கை நிறைய அள்ளிக் குடித்துவிட்டு எனக்கு ஒரு கை கொடுத்தாள். கல் வாசனை அடித்தது, இனிப்பாக இருந்தது. அன்றைக்கு வெல்லம் போட்டுப் பொங்கல் வைத்து ஊருக்கே கொடுத்தேன். பந்தக்கால் என்று கிண்டல் செய்தவர்கள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள்.

அவர் வீட்டுக்குள் படுத்தார். சாயங்காலம் பாறைக்கு வந்தார். ஏற்றம் போட்டு, கால்வாய் வெட்டி, பாத்தி கட்டி, ராகி நாற்று விட்டோம். மார்கழி முழுக்க எனக்குத் தரையில் கால் படவில்லை. நாற்று முளைத்துப் பச்சை கட்டியதும், நடவுக்கு ஆள் சொல்லி வைத்தேன். இனி இந்த மனுஷன் எங்கே போகப் போகிறார் என்று எனக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தேன்.

பொங்கல் முடிந்து, நடவும் முடிந்த மறுநாள், அவர் தகரப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பெட்டியில் விதை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே சட்டையை மடித்து வைத்தார்.

"இன்னாத்துக்கு?" என்றேன்.

"லீவு முடிஞ்சுபோச்சு."

"தண்ணிதான் வந்திருச்சே."

"வந்திருச்சு. நீ பாத்துப்ப. கூலிக்கு ஆள் வெச்சுக்க." பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். "பயம் இருந்தவரைக்கும் அங்க எப்பிடிப் போறதுன்னு இருந்தேன். இப்ப அது இல்ல. அவன் எடத்துக்குப் புதுசா யாரயாவது போட்டிருப்பாங்க. புதுசா வரவனுக்குக் கல்லு சத்தம் தெரியாது. நான் இல்லன்னா அவனுக்கு யாரு சொல்லுவாங்க?"

நான் கத்தினேன். வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். உங்களுக்காகத்தான் கிணறு, உங்களுக்காகத்தான் இந்தப் பாடு என்றேன். நீங்கள் இல்லாமல் எனக்கு இரண்டு போகம் எதற்கு என்றேன். அவர் கோபப்படவில்லை, பெட்டியின் தாழ்ப்பாளைப் போட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். ஐப்பசியில் வந்து நின்ற முகம் இல்லை அது. தெளிவாக, அமைதியாக, எனக்கு ரொம்பப் பிடித்த முகமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இந்தத் தெளிவைக் கொண்டுவர நான்தான் கிணற்றுக்குள் போய் உட்கார்ந்தேன். பயந்தபடியே விட்டிருந்தால் என்னோடு இருந்திருப்பார்.

பர்கூர் வரைக்கும் கூடப் போனேன். பஸ் வந்தது. ஏறுகிறபோது, "இன்னிக்கு மேலண்டப் பாத்திக்குத் தண்ணி விடணும், மறந்துடாத" என்றார். தலையை ஆட்டினேன். பஸ் கிளப்பின புழுதி அடங்குகிற வரைக்கும் நின்றேன்.

நேராக நிலத்துக்குத்தான் வந்தேன். நேற்று நட்ட நாற்று வாடி நின்றது. அது யாருக்காகவும் காத்திருக்காது. கூலிக்காரர் ஏற்றம் இறைக்க, தண்ணீர் கால்வாயில் ஓடிவந்தது. வரப்பில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதேன். அந்த வழியாகப் போன ஒருத்தி நின்று, "ஒனக்கு இன்னாடீ கொறச்சல், கெணத்துல தண்ணி தளும்புது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பாத்தி நிரம்பி, வரப்பின் மேல் வழிந்து, என் சேலை நனைந்த பிறகுதான் எழுந்தேன். மண்வெட்டியை எடுத்து, மடையை அடுத்த பாத்திக்குத் திருப்பினேன்.